கெஸ்ட் மாறும்போது ரெஜிஸ்டர்களைக் காப்பது

ஒரு ப்ராசசர் கோரில் இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள் மாறி மாறி ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் கெஸ்ட் ஒரு கூட்டலை முடித்து, விடையை ஆர்பிஎக்ஸ் ரெஜிஸ்டரில் வைத்த கணத்தில் டைமர் இன்டரப்ட் வந்து அதை நிறுத்துகிறது. அடுத்து இரண்டாவது கெஸ்ட் அதே கோரில், அதே ஆர்பிஎக்ஸில் தன் வேலையைப் பார்க்கிறது. சில மில்லிவிநாடிகள் கழித்து முதல் கெஸ்ட் திரும்பி வரும்போது அதன் விடை வைத்த இடத்தில் வைத்தபடி இருக்க வேண்டும். இடையில் தான் நிறுத்தப்பட்டதே அதற்குத் தெரியக் கூடாது.

ஹைப்பர்வைசர் எழுதுபவர் கெஸ்டுக்குத் தரும் முதல் வாக்குறுதி இது. நினைவகத்தில் தவறு செய்தால் பெரும்பாலும் உடனே ஏதோ ஒன்று விழுந்து, தவறு தன்னைக் காட்டிக்கொள்ளும். ரெஜிஸ்டரில் செய்த தவறு அப்படி இல்லை. கெஸ்ட் நாள்கணக்கில் நன்றாக ஓடும். பிறகு சம்பந்தமே இல்லாத ஒரு ப்ராசஸ் சாகும், அல்லது ஒரு கணக்கின் விடை மட்டும் தப்பாக வரும். பழி கெஸ்டின் மென்பொருள்மேல் விழும். அதனால்தான் இந்த வேலையை நிதானமாக, ஒவ்வொரு ரெஜிஸ்டராக எடுத்துச் செய்ய வேண்டும் என்கிறேன்.

சென்ற அத்தியாயத்தில் விஎம்சிஎஸ் பகுதியை ஒதுக்கி, அதன் தலையில் திருத்த எண்ணை எழுதி, விஎம்எக்ஸ் நிலைக்குள் நுழைந்தோம். இனி கெஸ்டை ஓடவிட்டுத் திரும்பப் பெற வேண்டும். ஒரு கெஸ்டிலிருந்து இன்னொரு கெஸ்டுக்கு நேர்வழி கிடையாது என்பதை முதலில் மனத்தில் இருத்துங்கள். முதல் கெஸ்ட் வெளியேறி ஹோஸ்டுக்கு வருகிறது. ஹோஸ்டின் ஷெட்யூலர் அடுத்து யார் என்று முடிவு செய்கிறது. பிறகே இரண்டாவது கெஸ்ட் நுழைகிறது. ஆனால் பெரும்பாலான வெளியேற்றங்களில் ஷெட்யூலர் தலையிடுவதே இல்லை. ஏதோ ஒரு சாதனத்தைத் தொட்டதற்காக வெளியே வந்த கெஸ்டே, பதில் கிடைத்ததும் மறுபடி உள்ளே போகிறது.

இந்த வேறுபாட்டிலிருந்துதான் எல்லா வடிவமைப்பும் பிறக்கிறது. ஒவ்வொரு வெளியேற்றத்திலும் எல்லா ரெஜிஸ்டரையும் சேமித்து மீட்டால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் தாங்க முடியாத அளவு மெதுவாகிவிடும். ஹோஸ்ட் தொடவே போகாத ரெஜிஸ்டரில் கெஸ்டின் மதிப்பு அப்படியே கிடக்கலாம். வேறு யாராவது தொடப்போகும் வரை அதைச் சேமிக்கத் தேவையில்லை. எனவே அசெம்ப்ளியில் ஒரு வரி எழுதும் முன் ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் அதில் மூன்று விடைகள் இருக்க வேண்டும்: அதைச் சேமிப்பது வன்பொருளா, நீங்களா? எந்தக் கட்டத்தில் கைமாறுகிறது? அந்தக் கட்டம் வரும்வரை ஹோஸ்டில் யாரேனும் அதைப் படிக்கவோ எழுதவோ வாய்ப்பு உண்டா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான விடை சொல்ல முடியாத ரெஜிஸ்டரை ஒவ்வொரு வெளியேற்றத்திலும் மாற்றுங்கள்.

வன்பொருள் செய்வதும் செய்யாததும்

இன்டெல் 2005 நவம்பரில் விடி-எக்ஸ் வசதியுடன் பென்டியம் 4 ப்ராசசர்களை வெளியிட்டது. 2006இல் ஏஎம்டியின் வசதியும் வந்தது. 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20இல் கேவிஎம் சேர்ந்தது. இந்த அத்தியாயத்தில் இன்டெல் முறையை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் பார்க்கிறோம்.

விஎம்சிஎஸ் என்பது அதிகபட்சம் 4096 பைட் கொண்ட ஒரு நினைவகப் பகுதி. அதில் கெஸ்டின் நிலைக்கு ஒரு பிரிவும் ஹோஸ்டின் நிலைக்கு ஒரு பிரிவும் உண்டு. கெஸ்டுக்குள் நுழையும்போது ப்ராசசர் கெஸ்ட் பிரிவை ஏற்றுகிறது. வெளியேறும்போது கெஸ்டின் நிலையை அங்கே எழுதிவிட்டு ஹோஸ்ட் பிரிவை ஏற்றுகிறது. ஆர்ஐபி, ஆர்எஸ்பி, ஆர்ஃப்ளாக்ஸ், சிஆர்0, சிஆர்3, சிஆர்4, டிஆர்7, செக்மென்ட் ரெஜிஸ்டர்கள், ஜிடிடி, ஐடிடி அட்டவணைகளின் முகவரிகள் ஆகியவை இப்படி வன்பொருளால் கைமாறுகின்றன. இவற்றை வன்பொருள் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சிஆர்3ஐ மாற்றிய நொடியில் முகவரி வெளியே மாறிவிடுகிறது. அடுத்த கட்டளை எங்கே இருக்கிறது என்பதே மாறிவிடுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக மென்பொருளால் மாற்ற முடியாதவற்றை ஒரே வீச்சில் மாற்ற வேண்டியிருக்கிறது.

மற்றவை உங்கள் பொறுப்பு. ஆர்எஸ்பி நீங்கலாக 15 பொது ரெஜிஸ்டர்கள், சிஆர்2, டிஆர்0 முதல் டிஆர்3 வரை, டிஆர்6, மிதவைப்புள்ளி மற்றும் வெக்டர் ரெஜிஸ்டர்கள் அனைத்தும், எக்ஸ்சிஆர்0, சிஸ்டம் கால் தொடர்பான எம்எஸ்ஆர்கள் எதையும் வன்பொருள் தானாகத் தொடாது. எம்எஸ்ஆர்களுக்கு மட்டும் ஒரு பட்டியல் கொடுத்தால் நுழைவிலும் வெளியேற்றத்திலும் அதைப் பார்த்து ஏற்றித் தரும்.

ஹோஸ்ட் நிலையை வன்பொருள் மீட்கிறது என்றாலும், விட்டுப்போனபோது இருந்த அதே நிலை திரும்பக் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வெளியேறியதும் ஆர்ஃப்ளாக்ஸ் கிட்டத்தட்ட முழுவதும் பூஜ்யமாகிறது. ஆகவே இன்டரப்ட் தடுக்கப்பட்ட நிலையில்தான் நீங்கள் கண்விழிக்கிறீர்கள். டிஆர்7இல் எல்லா பிரேக்பாயின்டும் அணைந்திருக்கும். ஜிடிடி, ஐடிடி இரண்டின் வரம்பும் 65,535 ஆகிவிடும். டிஎஸ்எஸ் வரம்பு 103 ஆகிவிடும். எல்டிடி பயன்படுத்த முடியாத நிலையில் இருக்கும். உங்கள் ஹோஸ்ட் டிஎஸ்எஸ்ஸில் ஐ/ஓ அனுமதி வரைபடம் வைத்திருந்தால், இந்த 103 என்ற வரம்பு அதை வெட்டிவிடும்; அந்த ப்ராசஸுக்குத் திரும்பும் முன் வரம்பைச் சரிசெய்ய வேண்டும். கேவிஎம் இதைச் செய்கிறது. சிறிய ஹைப்பர்வைசர்கள் பலவற்றில் இது விட்டுப்போகிறது.

நுழைவு வழியும் வெளியேறும் வழியும்

இந்தப் பகுதியை அசெம்ப்ளியில்தான் எழுத வேண்டும். சி மொழியின் கம்பைலர் எந்த ரெஜிஸ்டரை எப்போது எடுத்துக்கொள்ளும் என்பது உங்கள் கையில் இல்லை. லினக்ஸ் மூலநிரலில் எக்ஸ்86 கேவிஎம் அடைவுக்குள் இருக்கும் விஎம்என்டர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அளவில் சிறிய கோப்புதான். ஆனால் ஒவ்வொரு வரியின் இடமும் யோசித்து வைக்கப்பட்டது.

முதலில், அழைத்தவருக்குத் திருப்பித்தர வேண்டிய ஹோஸ்ட் ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் தள்ளுங்கள். லினக்ஸ் பின்பற்றும் அழைப்பு முறையில் அவை ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை. மற்றவற்றை அழைப்பவரே இழந்ததாகக் கருதுவார். பிறகு கெஸ்ட் ரெஜிஸ்டர்கள் சேமிக்கப்பட்ட பகுதியின் முகவரியையும் ஸ்டாக்கில் தள்ளுங்கள். வெளியே வந்ததும் அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே பிடி. இப்போது ஸ்டாக் இருக்கும் இடத்தை விஎம்சிஎஸ்ஸின் ஹோஸ்ட் ஆர்எஸ்பி புலத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் சென்ற முறை இருந்த மதிப்புதான் இருக்கும். முன்பு எழுதியதை நினைவில் வைத்து, மாறினால் மட்டும் எழுதுவது நல்லது. ஹோஸ்ட் ஆர்ஐபி, நுழைவுக் கட்டளைக்குப் பிறகு நீங்கள் வைத்திருக்கும் வெளியேற்ற லேபிளைக் காட்ட வேண்டும்.

அடுத்து கெஸ்டின் 15 ரெஜிஸ்டர்களை ஏற்ற வேண்டும். சேமிப்புப் பகுதியின் முகவரி ஆர்ஏஎக்ஸில் இருந்தால், மற்ற 14ஐயும் முதலில் ஏற்றிவிட்டு ஆர்ஏஎக்ஸைக் கடைசியாக ஏற்றுங்கள். அது ஏறிய கணத்தில் முகவரி போய்விடும். அதன்பின் எந்த ரெஜிஸ்டரையும் வேலைக்கு எடுக்க முடியாது.

ஆனால் ஒரு முடிவு இன்னும் பாக்கி இருக்கிறது. ஒரு விஎம்சிஎஸ்ஸை முதன்முறை ஓடவிட விஎம்லாஞ்ச், அடுத்தடுத்த முறைகளுக்கு விஎம்ரெஸ்யூம். எது வேண்டும் என்பதை எந்த ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்வது? எல்லாம்தான் கெஸ்டுக்குப் போய்விட்டனவே. விடை ஃப்ளாக்கில் இருக்கிறது. ஏற்றத் தொடங்கும் முன்பே சோதித்து விடையை ஃப்ளாக்கில் விட்டுவிடுங்கள். நினைவகத்திலிருந்து ஏற்றும் மூவ் கட்டளைகள் ஃப்ளாக்கை மாற்றுவதில்லை. கெஸ்டின் சொந்த ஃப்ளாக்குகளை வன்பொருள் நுழைவின்போது ஏற்றிவிடும் என்பதால் நாம் விட்டுவைத்தது கெஸ்டுக்குத் தெரியாது.

எந்த ஃப்ளாக் என்பதும் முக்கியமாகிவிட்டது. ப்ராசசரின் உள் பஃபர்களில் தங்கும் ஹோஸ்ட் தரவைத் துடைக்க, நுழைவுக்குச் சற்று முன் விஇஆர்டபிள்யூ என்ற கட்டளையை இயக்க வேண்டியிருக்கிறது. அது இசட்எஃப் என்ற பூஜ்ய ஃப்ளாக்கை மாற்றிவிடும். அதனால் கேவிஎம் 2024இல் தன் சோதனையை சிஎஃப் என்ற கேரி ஃப்ளாக்குக்கு மாற்றிக்கொண்டது. நீங்கள் புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் தொடக்கத்திலேயே கேரி ஃப்ளாக்கைப் பயன்படுத்துங்கள்.

நுழைவு தோற்கவும் கூடும். அப்போது வெளியேற்ற லேபிளுக்குப் போகாமல், நுழைவுக் கட்டளைக்கு அடுத்த கட்டளையில் ஓட்டம் தொடரும். சிஎஃப் 1 என்றால் செல்லுபடியான விஎம்சிஎஸ் இல்லை. இசட்எஃப் 1 என்றால் பிழை எண் விஎம்சிஎஸ்ஸிலேயே கிடைக்கும். தொடக்கத்தில் நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போவது 7, 8 ஆகிய எண்கள். 7 என்றால் கட்டுப்பாட்டுப் புலங்களில் பிழை. 8 என்றால் ஹோஸ்ட் நிலையில் பிழை. கெஸ்ட் நிலையில் பிழை இருந்தால் அது வேறு வடிவில் வரும்: வெளியேற்றம் நடந்ததுபோலவே லேபிளுக்கு வந்து சேர்வீர்கள், காரண எண் 33 ஆக இருக்கும், அதன் 31ஆம் பிட் உயர்ந்திருக்கும். இரண்டு பாதைகளையும் கையாளாத ஹைப்பர்வைசர், கெஸ்ட் ஓடாமலேயே ஓடியதாக எண்ணிக்கொண்டு குப்பை மதிப்புகளைச் சேமிக்கும்.

இனி வெளியேற்றம். லேபிளில் கண்விழிக்கும்போது 15 பொது ரெஜிஸ்டர்களிலும் கெஸ்டின் மதிப்பு இருக்கிறது. உங்களுடையது என்று சொல்ல ஆர்எஸ்பி ஒன்றுதான். எனவே முதல் காரியம், கெஸ்டின் ஆர்ஏஎக்ஸை ஸ்டாக்கில் தள்ளுவது. அதற்கு மேலே, முன்பு நீங்கள் வைத்த முகவரி இருக்கிறது. அதை ஆர்ஏஎக்ஸில் எடுத்துக்கொண்டு மற்ற 14ஐயும் எழுதுங்கள். கடைசியாக, தள்ளிவைத்த ஆர்ஏஎக்ஸை ஸ்டாக்கிலிருந்து நேராக அதன் இடத்துக்கு எடுத்துவிடுங்கள்.

இத்தோடு முடித்துவிடக் கூடாது. சேமித்த பிறகும் ரெஜிஸ்டர்களில் கெஸ்டின் மதிப்புகள் கிடக்கின்றன. அழைத்தவருக்குரியவற்றை ஸ்டாக்கிலிருந்து மீட்கத்தானே போகிறோம் என்று தோன்றும். ஆனால் ப்ராசசர் ஊகத்தின் பேரில் முன்னோடிச் செல்லும்போது, கெஸ்ட் திட்டமிட்டு விட்டுச்சென்ற மதிப்பை ஹோஸ்ட் நிரல் முகவரியாகப் பயன்படுத்திவிடலாம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் வெளிவந்தபோது கேவிஎம் இதற்கு எளிய தீர்வாகச் சேமித்த கையோடு ரெஜிஸ்டர்களைப் பூஜ்யமாக்கத் தொடங்கியது. ரெஜிஸ்டரைத் தன்னோடு எக்ஸ்-ஆர் செய்வதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. இதை விட்டுவிட எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. ஸ்பெக்-கன்ட்ரோல் எம்எஸ்ஆரின் கெஸ்ட் மதிப்பை எடுத்துவைத்து ஹோஸ்ட் மதிப்பைப் போடுவதும் இந்தக் கட்டத்திலேயே, முதல் ரிட்டர்ன் கட்டளைக்கு முன்பே நடக்க வேண்டும்.

சிஆர்2: எல்லோரும் மறக்கும் ரெஜிஸ்டர்

பேஜ் ஃபால்ட் வரும்போது, எந்த முகவரியைத் தொட்டதால் வந்தது என்பதை ப்ராசசர் சிஆர்2இல் எழுதுகிறது. சிஆர்0, சிஆர்3, சிஆர்4 மூன்றும் விஎம்சிஎஸ்ஸில் இருப்பதால் சிஆர்2உம் அங்கே இருக்கும் என்று நினைப்பது இயல்பு. அங்கே அது இல்லை.

மறந்தால் என்ன ஆகும் என்பதைப் படிப்படியாகப் பாருங்கள். கெஸ்டுக்குள் ஒரு ப்ராசஸ் இன்னும் ஒதுக்கப்படாத பக்கத்தைத் தொடுகிறது. இரண்டாம் நிலைப் பக்க அட்டவணை இருக்கும் இன்றைய ப்ராசசர்களில் இதற்காக ஹோஸ்டுக்கு வர வேண்டியதில்லை. கெஸ்டின் கர்னலே கையாளும். சிஆர்2 எழுதப்படுகிறது, கெஸ்ட் கர்னலின் கையாளும் நிரல் தொடங்குகிறது. அது சிஆர்2ஐப் படிக்கும் முன் ஹோஸ்டின் டைமர் அடிக்கிறது. கெஸ்ட் தன் இன்டரப்ட்களைத் தடுத்து வைத்திருந்தாலும் ஹோஸ்டுக்குரிய இன்டரப்ட் வெளியேற்றத்தைக் கொண்டுவந்தே தீரும். ஹோஸ்ட் வேறொரு ப்ராசஸை ஓடவிடுகிறது, அதற்கும் ஒரு பேஜ் ஃபால்ட் வருகிறது, சிஆர்2 மாறிவிடுகிறது. கெஸ்ட் திரும்பி வந்து சிஆர்2ஐப் படிக்கும்போது அங்கே யாருடைய முகவரியோ இருக்கிறது. அந்த முகவரி கெஸ்ட் ப்ராசஸுக்கு உரியதில்லை என்பதால் கெஸ்ட் கர்னல் அந்த ப்ராசஸைக் கொன்றுவிடும்.

இடைவெளி சில கட்டளைகள் நீளமே. அதற்குள் டைமர் அடிக்க வேண்டும். ஹோஸ்டில் இன்னொருவருக்கு பேஜ் ஃபால்ட்டும் வர வேண்டும். இரண்டும் சேர்வது அபூர்வம். ஆகவே இந்தப் பிழை சோதனை மேசையில் காணாமல், சுமை ஏறிய சர்வரில், காரணம் தெரியாத செக்மென்டேஷன் ஃபால்ட்டாக வெளிப்படும். தடயமும் இருக்காது. இன்னொரு கெஸ்டின் முகவரியோ ஹோஸ்டின் முகவரியோ இந்தக் கெஸ்டுக்குத் தெரியவருவதால் இது பாதுகாப்புப் பிழையும்கூட.

தீர்வு இரண்டு வரி. வெளியேறியதும் சிஆர்2ஐப் படித்துச் சேமியுங்கள். நுழையும் முன் எழுதுங்கள். கேவிஎம் எழுதும் முன் இப்போது இருக்கும் மதிப்போடு ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டும் எழுதுகிறது. படிப்பதைவிட எழுதுவது செலவு கூடியது என்பதால் அது நல்ல பழக்கம். இரண்டு வரிகளும் அசெம்ப்ளிக்கு ஒட்டியே, இன்டரப்ட் தடுக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். தடுக்க முடியாத என்எம்ஐ அந்த இடத்திலும் வரலாம். லினக்ஸின் என்எம்ஐ நிரல் சிஆர்2ஐத் தானே எடுத்துவைத்துத் திருப்பித்தருகிறது. நீங்கள் சொந்தமாக ஹோஸ்ட் கர்னல் எழுதினால் உங்கள் என்எம்ஐ நிரலும் அப்படிச் செய்ய வேண்டும்.

தள்ளிப்போடத்தக்க எம்எஸ்ஆர்கள்

சிஸ்டம் கால் எங்கே போய் விழ வேண்டும் என்பதைச் சொல்லும் ஸ்டார், எல்ஸ்டார், ஃப்ளாக்குகளை மறைக்கும் எஃப்மாஸ்க் ஆகிய எம்எஸ்ஆர்கள் கெஸ்டுக்கு ஒன்று, ஹோஸ்டுக்கு ஒன்று என்று இருந்தாக வேண்டும். ஆனால் இவற்றை ஹோஸ்ட் எப்போது பயன்படுத்துகிறது? பயனர் நிரல் ஒன்று சிஸ்டம் கால் செய்யும்போது மட்டும். கர்னலுக்குள் இருக்கும்வரை எல்ஸ்டாரில் கெஸ்டின் முகவரி கிடந்தாலும் கேடு இல்லை. எனவே கேவிஎம் இவற்றை ஒவ்வொரு வெளியேற்றத்திலும் திருப்புவதில்லை; கோர் பயனர் நிலைக்குத் திரும்பப்போகும் கணத்தில் மட்டும் திருப்புகிறது. எம்எஸ்ஆரில் எழுதுவது பெரும்பாலும் ப்ராசசரின் ஓட்டத்தையே நிறுத்தி நடத்தும் வேலை என்பதால் இந்தத் தாமதம் கணிசமாக மிச்சப்படுத்துகிறது.

கர்னல் ஜிஎஸ் பேஸ் இதற்கு இடைப்பட்ட நிலையில் இருக்கிறது. அதைப் பயனர் நிலைக்குத் திரும்பும் வரையோ வேறு ப்ராசஸுக்கு மாறும் வரையோ தள்ளிப்போடலாம். ஜிஎஸ் பேஸ் அப்படி அல்ல. லினக்ஸ் தன் கோர்வாரித் தரவுகளை அதன் வழியாகவே எட்டுகிறது. அது ஹோஸ்ட் நிலையின் பகுதியாக வன்பொருளால் வெளியேற்றத்தின்போதே மீட்கப்பட்டாக வேண்டும். பெயரில் இவ்வளவு நெருங்கிய இரண்டு ரெஜிஸ்டர்கள் அட்டவணையில் வெவ்வேறு கட்டங்களில் விழுவதைக் கவனியுங்கள். நான் மேலே சொன்ன மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் இதைச் சரியாகப் பிரிக்கவே முடியாது.

வெக்டர் ரெஜிஸ்டர்கள்

அளவில் மற்ற எல்லாவற்றையும் விழுங்குவது இந்தக் குழு. பழைய மிதவைப்புள்ளி, எஸ்எஸ்இ நிலைக்கு 512 பைட். எக்ஸ்சேவ் தலைப்புக்கு 64. ஏவிஎக்ஸின் மேல்பாதிக்கு 256. இதுவரை 832. ஏவிஎக்ஸ்-512 இருந்தால் மேலும் 1600 பைட். 2023 ஜனவரியில் வந்த சர்வர் ப்ராசசர்களில் ஏஎம்எக்ஸ் டைல்களுக்கு மட்டும் 8192 பைட். அளவை நிரலில் எண்ணாகப் பதிக்காமல் சிபியுஐடி கட்டளையிடமே கேளுங்கள். பகுதி 64 பைட் எல்லையில் தொடங்க வேண்டும். முதன்முறை அதைப் பூஜ்யமாக்க மறக்காதீர்கள்: எக்ஸ்சேவ் தலைப்பின் எல்லாப் பைட்டையும் எழுதுவதில்லை, ஆனால் எக்ஸ்ரெஸ்டார் அங்கே பூஜ்யம் இல்லாவிட்டால் ஃபால்ட் எழுப்பும்.

இவ்வளவு பெரிய சுமையை ஒவ்வொரு வெளியேற்றத்திலும் தூக்கத் தேவையில்லை. லினக்ஸ் கர்னல் வெக்டர் ரெஜிஸ்டர்களைச் சாதாரணமாகத் தொடுவதில்லை. தொட வேண்டிய இடங்களில் வெளிப்படையாக அனுமதி கேட்டுத் தொடங்கி, முடித்ததும் அறிவிக்கிறது. ஆகவே கெஸ்டின் மதிப்பு அங்கேயே இருக்கலாம். ஷெட்யூலர் வேறு ஆளை ஓடவிடும்போதோ பயனர் நிலைக்குத் திரும்பும்போதோ மாற்றினால் போதும்.

இதைவிடவும் சோம்பலான ஒரு முறை பல ஆண்டுகள் வழக்கில் இருந்தது. ஆள் மாறினாலும் வெக்டர் ரெஜிஸ்டரை மாற்றாமல், சிஆர்0இன் டிஎஸ் பிட்டை மட்டும் உயர்த்திவிடுவார்கள். புதியவர் முதன்முறை தொடும்போது எழும் ஃபால்ட்டில் மாற்றுவார்கள். 2018 ஜூனில் வெளியான லேஸிஎஃப்பி என்ற பலவீனம் அதற்கு முடிவுகட்டியது. ஃபால்ட் எழும் முன்பே ப்ராசசர் ஊகமாகப் பழையவரின் மதிப்பை எடுத்து ஓடியதால், அதைக் கேஷ் வழியாகத் திருட முடிந்தது. ஏஇஎஸ் குறியாக்கச் சாவிகள் தங்கும் இடமே எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்கள்தான். புதிய ஹைப்பர்வைசரில் அந்த முறையை எழுதாதீர்கள். ஆள் மாறுகிறார் என்றால் வெக்டர் நிலையும் அந்தக் கணமே மாற வேண்டும்.

எக்ஸ்சிஆர்0ஐ மாற்றும் வரிசையிலும் ஒரு பொறி உண்டு. எந்தெந்த நிலைப்பகுதிகள் இயக்கத்தில் உள்ளன என்று அது சொல்கிறது. எக்ஸ்சேவ் அதில் இயங்குவதாகச் சொன்ன பகுதிகளை மட்டும் சேமிக்கும். கெஸ்ட் ஏவிஎக்ஸை அணைத்து வைத்திருக்கிறது, அதன் எக்ஸ்சிஆர்0 இன்னும் கோரில் இருக்கிறது, அந்த நேரம் ஹோஸ்ட் யாருடைய நிலையையோ சேமிக்கிறது என்றால் ஒய்எம்எம் மேல்பாதிகள் சத்தமின்றித் தொலையும். எனவே எக்ஸ்சிஆர்0ஐ நுழைவுக்கு ஒட்டி ஏற்றி, வெளியேறியதும் உடனே திருப்புங்கள். கெஸ்ட் எழுத முயலும் மதிப்பைச் சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். ஏவிஎக்ஸ் கேட்டு எஸ்எஸ்இயை விட்ட மதிப்பை நீங்கள் அப்படியே எழுதினால் ஃபால்ட் எழுவது ஹோஸ்டில்.

டிபக் ரெஜிஸ்டர்களில் நீண்ட பேச்சு வேண்டாம். கெஸ்ட் பிரேக்பாயின்ட் வைக்காதவரை அவற்றைத் தொடாதீர்கள். தொட முயன்றால் வெளியேறும்படி அமைத்து, அதன்பின் மாற்றத் தொடங்குங்கள்.

கோர் மாறும்போது

ஒரு மெய்நிகர் ப்ராசசரை ஷெட்யூலர் வேறொரு கோருக்கு நகர்த்தினால் இன்னும் ஒரு கடமை சேர்கிறது. விஎம்சிஎஸ்ஸின் உள்ளடக்கத்தைப் பழைய கோர் தனக்குள்ளேயே வைத்திருக்கலாம். நினைவகத்தில் இருப்பது பழையதாக இருக்கலாம். எனவே பழைய கோரிலேயே விஎம்கிளியர் இயக்க வேண்டும். அதற்கு அந்தக் கோருக்கு இன்டரப்ட் அனுப்பிச் செய்யச் சொல்லி, முடியும்வரை காத்திருங்கள். பிறகு புதிய கோரில் விஎம்பிடிஆர்லோட் செய்து, விஎம்லாஞ்ச் கொண்டு நுழையுங்கள்; விஎம்ரெஸ்யூம் கொடுத்தால் 5ஆம் எண் பிழை வரும். ஜிடிடி, டிஎஸ்எஸ் போன்ற ஹோஸ்ட் முகவரிகள் கோருக்குக் கோர் வேறுபடுவதால் ஹோஸ்ட் பிரிவையும் புதுப்பிக்க வேண்டும். வேறு கெஸ்டுக்கு இடம் தருகிறோம் என்றால் கிளை ஊகங்களை அழிக்கும் ஐபிபிபி கட்டளையையும் இந்தக் கட்டத்தில் கொடுங்கள்.

மற்ற ப்ராசசர்களில்

ஏஎம்டியில் கோடு வேறிடத்தில் போடப்பட்டிருக்கிறது. விஎம்ரன் கட்டளை ஆர்ஏஎக்ஸையும் சிஆர்2ஐயும் தானே மாற்றிவிடுகிறது. பொது ரெஜிஸ்டர்களில் 14 மட்டும் உங்களுக்கு. ஆனால் எஃப்எஸ், ஜிஎஸ், டிஆர், எல்டிடிஆர், சிஸ்டம் கால் எம்எஸ்ஆர்கள் ஆகியவற்றை விஎம்லோட், விஎம்சேவ் என்ற தனிக் கட்டளைகளால் நீங்கள் மாற்ற வேண்டும். எஸ்இவி-இஎஸ் வசதியை இயக்கினால் கெஸ்டின் ரெஜிஸ்டர்கள் வெளியேறும்போதே குறியாக்கம் செய்யப்பட்ட பகுதிக்குப் போய்விடும். ஹைப்பர்வைசரால் அவற்றைப் படிக்கவே முடியாது.

ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் எஸ்ஐஇ கட்டளை, கெஸ்டின் பொது ரெஜிஸ்டர்களில் 14ஐயும் 15ஐயும் மட்டும் தானே ஏற்றுகிறது. 0 முதல் 13 வரை மென்பொருள் ஏற்ற வேண்டும். நாம் ஆர்ஏஎக்ஸைக் கடைசியாக ஏற்றப் பட்ட பாட்டை நினைத்தால், முகவரிக்கும் ஸ்டாக்குக்கும் இரண்டு ரெஜிஸ்டரை விட்டுவைத்த அந்த வடிவமைப்பின் நேர்த்தி புரியும்.

ஆர்ம் 64-பிட்டில் வன்பொருள் செய்வது மிகக் குறைவு. இஎல்2க்கு வரும்போது திரும்பும் முகவரியும் ப்ராசசர் நிலையும் அதற்குரிய ரெஜிஸ்டர்களில் எழுதப்படும், அவ்வளவுதான். எக்ஸ்0 முதல் எக்ஸ்30 வரை 31 ரெஜிஸ்டர்களும் இஎல்1இன் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்களும் உங்கள் பொறுப்பு. பழைய முறையில் ஹோஸ்ட் கர்னலும் இஎல்1இல் ஓடியதால் அத்தனையையும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆர்ம்வி8.1இல் வந்த விஎச்இ ஹோஸ்ட் கர்னலையே இஎல்2இல் ஓடவிட்டது. அதனால் இஎல்1 ரெஜிஸ்டர்களைக் கெஸ்டிடமே விட்டுவைத்து, கெஸ்ட் மாறும்போது மட்டும் மாற்ற வழி பிறந்தது.

சோதிப்பது எப்படி

சிறிய சோதனைக் கெஸ்ட் ஒன்றை எழுதுங்கள். அது ஒவ்வொரு ரெஜிஸ்டரிலும் ஓர் அடையாள மதிப்பை நிரப்பும்: மேல் பைட்டில் கெஸ்டின் எண், கீழ் பைட்டில் ரெஜிஸ்டரின் எண். பிறகு வெளியேற்றத்தை உண்டாக்கி, திரும்பியதும் எல்லாவற்றையும் ஒப்பிடும். வெளியேற்றத்துக்கு ஒரு போர்ட்டில் எழுதும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். சிபியுஐடி கட்டாயம் வெளியேறும் என்றாலும் நான்கு ரெஜிஸ்டர்களை அது தானே மாற்றிவிடும். இத்தகைய இரண்டு கெஸ்டுகளை ஒரே கோரில் கட்டி ஓடவிடுங்கள். எங்காவது மதிப்பு மாறினால், வந்திருக்கும் எண்ணே யாருடைய எந்த ரெஜிஸ்டர் கசிந்தது என்று சொல்லிவிடும்.

அடுத்த சுற்றில் வெளியேறும் கட்டளையை எடுத்துவிட்டு, வெறும் சுழலில் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கச் செய்யுங்கள். இப்போது டைமர் விரும்பிய இடத்தில் வெட்டும். அதற்கடுத்து வெக்டர் ரெஜிஸ்டர்கள். ஒரு கெஸ்ட் ஏவிஎக்ஸைப் பயன்படுத்த, இன்னொன்று எக்ஸ்சிஆர்0இல் அதை அணைத்து வைக்கட்டும். சிஆர்2க்குத் தனிச் சோதனை வேண்டும்: கெஸ்ட் தெரிந்த முகவரிகளில் தொடர்ந்து பேஜ் ஃபால்ட் எழுப்பிக்கொண்டு, கையாளும் நிரலில் சிஆர்2 எதிர்பார்த்ததுதானா என்று பார்க்கட்டும், ஹோஸ்டில் அதே கோரில் நினைவகத்தை ஒதுக்கி விடுவிக்கும் ப்ராசஸ் ஒன்று ஓடட்டும். கையாளும் நிரலில் சிஆர்2ஐப் படிக்கும் முன் வேண்டுமென்றே ஒரு நீண்ட சுழலை வையுங்கள். அபூர்வமான இடைவெளி அகலமாகி, பிழை இருந்தால் நிமிடங்களில் அகப்படும். கேவிஎம்முக்கென்றே எழுதப்பட்ட யூனிட் டெஸ்ட் தொகுப்பும், லினக்ஸ் மூலநிரலில் உள்ள கேவிஎம் செல்ஃப்டெஸ்ட் அடைவும் திறந்தே கிடக்கின்றன. உங்கள் சோதனைகளை எழுதும் முன் அவற்றைப் படியுங்கள்.

நுழைவு அசெம்ப்ளியில் ஒரு வரியை இடம் மாற்றினாலும் இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள். ப்ராசசர் தயாரிப்பாளர் புதிய ரெஜிஸ்டர் ஒன்றை அறிவிக்கும்போது, அதைக் கெஸ்டின் கண்ணில் காட்டும் முன் உங்கள் அட்டவணையில் அதற்கு ஒரு வரி எழுதுங்கள்.